மாதாவின் வலது கை

கே.கே. நகர், திருச்சி
அக்டோபர் 23, வியாழக்கிழமை

அன்பு மகள் பிரான்சிக்கு, ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்க வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அம்மா தினமும் உன்னிடம் பேசி முடித்துவிட்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒருமுறை சுவரிடம் சொல்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுவேன், ஆகஸ்ட் மாதம் நான் வைத்தேனே அதுபோல. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், மறுபடி எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. பின்பக்கத்து முருங்கை மரம் சாய்ந்து காம்பவுண்டு சுவரில் படுத்திருக்கிறது, வெட்ட ஆள் சொல்லி மூன்று நாளாகிறது, வருகிறேன் வருகிறேன் என்கிறான். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்வதில்லை, நான் சொன்னால் உங்க சுகரைப் பாருங்க என்கிறாள். உனக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று அம்மா சுவரிடம் சொன்னாள், இரும்பு மாத்திரையைக் காப்பியோடு சேர்த்து விழுங்காதே, பலன் இருக்காது. ராத்திரி டூட்டி முடிந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதே என்று எழுத நினைத்தேன், ஆனால் அங்கே துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சரி, முருங்கை மரத்தையும் மாத்திரையையும் எழுதிக்கொண்டிருப்பது விஷயத்துக்கு வரப் பயந்துகொண்டுதான். விஷயம் இதுதான், நான் ஒரு பாவம் செய்துவிட்டேன், அதை வேறொரு குடும்பம் பதினைந்து நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறது.

நீ இங்கே இருந்த காலத்தில் அக்டோபர் மாத செபமாலை கோயிலில் மட்டும்தான் நடக்கும். இப்போது அப்படியில்லை, நம் தெருக்காரர்கள் முப்பத்தொரு குடும்பத்தைச் சேர்த்து ஒரு அன்பியம், அதற்கு நான்தான் பொறுப்பாளர். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் தங்கும், சாயங்காலம் எல்லோரும் அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம், மறுநாள் சாயங்காலம் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பட்டியல் போடுவது என் வேலை. ஏழாம் தேதி செபமாலை மாதா திருநாள், அந்த நாள் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகவே தெருவை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று இரண்டு தடவை மாற்றி எண்ணினேன், இதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அப்படி எண்ணியதில் எட்டாம் தேதி செல்வமேரி வீட்டுக்கு வந்தது. செல்வமேரியை உனக்குத் தெரியும், பாடகர் குழுவில் உனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்று பாடியவள், பீமராவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு பத்து வருடமாகக் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பீமராவ் தென்னூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், என் மூக்குக் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான், தங்கமான மனிதர். இந்த வருடம்தான் செல்வமேரி எங்க வீட்டுக்கும் மாதாவைக் கொண்டுவாங்க என்று கேட்டாள். செப்டம்பர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, வீட்டில் இரண்டு சாமியும் இருக்கிற இடத்தில் மாதாவை வைத்தால் மரியாதை கெட்டுப்போகும் என்று சொன்னேன். பங்குச் சாமியார் ஒரே வார்த்தையில், மாதா போகட்டும் ஸ்தனிஸ்லாஸ், நாம தடுக்க வேண்டாம் என்று முடித்துவிட்டார். அன்றைக்கு நான் செல்வமேரியைப் பார்த்துப் பேசவில்லை பிரான்சி. வேறு சாமி கும்பிடுகிற ஒரு துறையூர்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பெர்த்திலிருந்து போன் செய்தாளே ஒருத்தி, அவளைப் பார்த்துத்தான் பேசினேன். உன்னைத் திட்ட முடியாத தூரத்தில் நீ இருக்கிறாய், செல்வமேரி நாலாவது வீட்டில் இருந்தாள்.

ஏழாம் தேதி நம் வீட்டில் எல்லாம் நன்றாக நடந்தது, அம்மா கொண்டைக்கடலைச் சுண்டல் செய்திருந்தாள். மறுநாள் மத்தியானம் அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது நான் சுரூபத்தைத் துடைக்க எடுத்தேன். ஆறு வீடு சுற்றி வந்த ஊதுபத்திச் சாம்பலும் மெழுகும் படிந்திருந்தது, நம் வீட்டிலிருந்து போகும்போது பளிச்சென்று போக வேண்டும், செல்வமேரி வீட்டுக்காரர்கள் பார்த்து, பெரியவங்க வீட்டு ஒழுங்கே தனி என்று நினைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அமலோற்பவ மாதா, இரண்டு கையையும் கீழே விரித்திருப்பார்களே, அந்தச் சுரூபம். அதை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு கையால் அணைத்து மறு கையால் துடைத்துக்கொண்டிருந்தேன், அப்போது போன் அடித்தது. உன் பெயர். இரண்டு மாதமாக எடுக்காத போன், அன்றைக்கும் எடுக்கக்கூடாது என்ற வேகத்தில் அதை அணைக்கத் திரும்பினேன், மாதாவின் வலது கை பீரோ கைப்பிடியில் பட்டு மணிக்கட்டோடு தனியாக வந்துவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இத்தனை நாளும் மனதுக்குள், இவள் போன் செய்ததால்தான் உடைந்தது என்று உன்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ செய்தது என்ன, அப்பாவுக்குப் போன் செய்தாய், அவ்வளவுதான்.

பொன்மலை வொர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருடம் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு கையை ஒட்டத் தெரியாதா. மேசை டிராயரில் பசை ட்யூப் இருந்தது, ஒட்டி, ஐந்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்து, விரிசல் தெரியாமலிருக்க அம்மாவின் முகப் பௌடரை எடுத்து விரலால் தடவினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. அம்மா வந்து, மாதா இன்னிக்கு ரொம்ப வெள்ளையா இருக்காங்களே என்றாள், துடைத்தேன் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை பார், துடைக்கத்தான் செய்தேன், பிசாசு நம்மைப் பொய் சொல்ல வைப்பதைவிடப் பாதி உண்மையைச் சொல்ல வைப்பதில்தான் கெட்டிக்காரன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டோடு சுரூபத்தைச் செல்வமேரி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அந்த வீட்டை நீ பார்த்திருக்க வேண்டும், வெள்ளைத் துணி விரித்து, சீரியல் பல்பு போட்டு, பீமராவ் புது வேட்டியில் வாசலில் நின்றார், அவர் அம்மா ரெங்கம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். அந்த அம்மா தன் கையால் கட்டிய மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து, போடலாமா என்று என்னிடம்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் மாதாவின் வலது கையில் சரத்தைத் தொங்கவிட்டு, பாதத்தில் கொஞ்சம் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். அன்று செபமாலையில் எத்தனையாவது மணி என்று இரண்டு தடவை தவறவிட்டேன்.

மறுநாள் ஒன்பதாம் தேதி சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகச் சுரூபத்தைத் தூக்கினார்கள், தூக்கியதும் கை கழன்று கீழே விழுந்தது. நாற்பது பேர் இருந்தோம், பாட்டு பாதியில் நின்றுவிட்டது. யாரோ, ஐயோ மாதாவே என்றார்கள், இன்னொருத்தர், ஈரப் பூவை அந்தக் கையில தொங்கவிட்டா தாங்குமா என்றார், பின்னாலிருந்து ஒரு குரல், பூ இல்லீங்க, குங்குமம் வெச்சாங்கல்ல, அதான் மாதா காட்டிட்டாங்க என்றது. செல்வமேரி முகத்தில் ரத்தமே இல்லை. எல்லோரும் திரும்பிப் பொறுப்பாளரான என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நான் வாயைத் திறந்து, நேற்று மத்தியானம் நான்தான் உடைத்தேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பார்கள், மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். வாயைத் திறக்காமல் நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். நான் வாயைத் திறந்தேன் பிரான்சி. நான் அப்பவே சொன்னேன் என்று சொன்னேன்.

பீமராவ் குனிந்து அந்தக் கையை எடுத்துக் கைக்குட்டையில் வைத்து என்னிடம் கொடுத்தார். உடைந்த இடத்தில் பசை கண்ணாடிபோல் காய்ந்து இருந்தது, அதை நான் பார்த்தேன், அவர் பார்த்தாரா தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர், பசையும் திருகாணியும்தான் அவர் தொழில். நான் ஆள் பார்த்துச் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இன்றுவரை என் மேசை டிராயரில், பேனாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆளிடம் கொடுத்தால் அவன் பசையைப் பார்த்துவிடுவானே, எப்படிக் கொடுப்பது. மாதா வலது கை இல்லாமல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், மணிக்கட்டு தெரியாமலிருக்க ஒரு நீலத் துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இரண்டு நாளில் பேச்சு நம் அன்பியத்தைத் தாண்டி மற்ற அன்பியங்களுக்கும் போய்விட்டது. செல்வமேரியின் மகள் இளவேனில் நாலாம் வகுப்பு படிக்கிறாள், முதல் தடவையாக நற்கருணை, புதுநன்மை வாங்குவதற்காக ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள், அங்கே பிள்ளைகள், உங்க ஆயாதான மாதா கையை உடைச்சாங்க என்று கேட்டிருக்கிறார்கள், அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. செல்வமேரி கடைசி பெஞ்சிலும் இல்லை. வருடாவருடம் தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து நமக்கு அதிரசம் வரும், இந்த வருடம் வரவில்லை, அம்மா இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, பாவங்க அந்தப் பொண்ணு, நம்மகிட்ட வரக்கூட கூச்சப்படுது என்றாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன், மறைத்தே பழகியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். பதினாலாம் தேதி ரெங்கம்மாள் இரண்டு பஸ் மாறி நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல், ஐயா நீங்கதான் இங்க பெரியவங்க, நான் எங்க பெருமாளுக்குச் சாத்தற மாதிரிதாங்க பூ சாத்தினேன், எனக்கு உங்க முறை தெரியாது, என் மருமகளையும் பேத்தியையும் ஊரே பேசுது, உங்க கோயில்ல இதுக்கு என்ன பரிகாரமோ சொல்லுங்க, நான் செய்யறேன் என்று கையைக் கூப்பினார். என்னிடம் கேட்கிறார், யாரிடம் கேட்கக்கூடாதோ அவனிடம். நான் என்ன செய்தேன் தெரியுமா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பயப்படாதீங்கம்மா, மாதா மன்னிச்சிடுவாங்க, கெபியில ஒன்பது நாள் மெழுகுவர்த்தி ஏத்துங்க போதும் என்றேன். என் பாவத்துக்கு அவருக்கு மன்னிப்புக் கொடுத்தேன், அபராதமும் விதித்தேன். கோயில் வளாகத்தில் மாதா நிற்கிற அந்தக் கல் குகைக்கு, கெபிக்கு முன்னால் இருக்கும் இரும்புத் தட்டில் மறுநாளிலிருந்து அந்த அம்மா தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். தீபாவளி அன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு வந்தார். நான் பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அங்கே நிற்பார், என்னைப் பார்த்ததும் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். நம் கோயிலில் இல்லை, அங்கே சாமியாருக்கு என் குரல் தெரியும், டவுனுக்குப் பஸ் ஏறி, என்னைத் தெரியாத ஒரு கோயிலுக்குப் போனேன். நம் ஆட்கள் எத்தனை பேர் இப்படிப் பஸ் ஏறிப் போய்ப் பாவத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று வரிசையில் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன், எனக்கு முன்னால் நின்றவரும் எங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்போல்தான் குடையும் பையுமாக இருந்தார். உள்ளே ஒரு சின்ன வயதுச் சாமியார். ஒரு பொருளை உடைத்தேன், மறைத்தேன் என்று சுருக்கமாகச் சொன்னேன், மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்வார், எழுந்து போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர், அதனால வேற யாருக்காவது கெட்ட பேர் வந்துச்சாங்க என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பாவமன்னிப்புக் கொடுத்தார், ஆனால் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்க, கடவுள் குடுக்கிறதை நான் குடுத்துட்டேன், நீங்க எடுத்ததை நீங்கதான் திருப்பிக் குடுக்கணும் என்றார். நாற்பது வருடமாகப் பூசையின் ஆரம்பத்தில் மார்பில் மூன்று தடவை தட்டிக்கொள்கிறேன், எந்தப் பாவத்துக்குத் தட்டுகிறேன் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா, கதவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு யாரும் திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுவேன். மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தும் ஐந்து நாள் போகவில்லை. ஒரு நாள் மழை, ஒரு நாள் தீபாவளி, ஒரு நாள் அவர்கள் வீட்டில் விருந்தாளி இருக்கிறார்கள், எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

இன்று காலை ஒன்பதாவது நாள். மழை கொட்டியது, இன்றைக்கு வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் பூசையிலிருந்து வெளியே வந்தேன், வந்து நின்றிருந்தார். குடை காற்றில் மடங்கிப்போய், முந்தானைக்குள் மெழுகுவர்த்தியை மறைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்துக் கிழித்துப் பார்க்கிறார், பற்றவில்லை. ஐயா கடைசி நாளு, ஏத்தாம போனா எட்டு நாளும் வீணாப் போயிடுமா என்று என்னிடம் கேட்டார். நான் என் குடையை அவருக்குப் பிடித்தேன், தீக்குச்சியை நானே கிழித்தேன், மூன்றாவது குச்சியில் பற்றியது. திரி எரிந்ததும் அந்த அம்மா முகத்தில் வந்த நிம்மதியை என்னால் எழுத முடியாது. நீங்க நல்லா இருக்கணும், உங்க பிள்ளைங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும் என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உன்னையும் சேர்த்து வாழ்த்திவிட்டுப் போனார் பிரான்சி. ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று இராயப்பர் மறுதலித்தபோது அவருக்கு ஒரு சேவல் கூவியது, எனக்கு அந்த அம்மாவின் வாழ்த்துதான் கூவியது. அப்படியே நனைந்தபடி வீட்டுக்குக்கூட வராமல் நேராகச் செல்வமேரி வீட்டுக்குப் போனேன்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாங்க அங்கிள் என்றாள், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றபடியே சொன்னேன், துடைத்தது, உடைத்தது, பசை, பௌடர், எல்லாம். அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. பூட்டுச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், எங்க அத்தை பதினாலு நாளா ஒரு வேளைதான் சாப்பிடறாங்க அங்கிள், அவங்ககிட்ட நான் இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன், அவங்க சாப்பிடணும், ஆனா என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, இங்க சொன்னா இந்தக் கேட்டுக்கு மட்டும்தான் தெரியும், நான் அப்பவே சொன்னேன்னு எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க, இதையும் அங்கயே சொல்லுங்க என்றாள். இன்று சாயங்காலச் செபத்தில் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாங்க, இது நம்ம தெருவோட நிக்கலை, முப்பத்தொண்ணாம் தேதி எல்லா அன்பியமும் கெபிக்கு வருமில்ல, அன்னிக்குச் சொல்லுங்க, அத்தையையும் பாப்பாவையும் கூட்டிட்டு வரேன் என்றாள். அதற்குள் அவளுக்கு ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அறுபத்தாறு வயது மனிதன் மழையில் வீடு தேடிப் போய்ச் சொல்கிறேன், உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை இல்லையே என்று முனகிக்கொண்டே நடந்தேன். நம் வீட்டு முனை திரும்பும்போதுதான் அங்கயே சொல்லுங்க என்று அவள் சொன்ன வார்த்தையை எங்கே கேட்டிருக்கிறேன் என்று நினைவுக்கு வந்தது. நீ ஏழாம் வகுப்பில் கணக்கு மார்க்கை முப்பத்தெட்டிலிருந்து எண்பத்தெட்டாகத் திருத்தினாய், அன்றைக்கு ராத்திரியே நீயாக வந்து அழுதுகொண்டு என்னிடம் சொன்னாய். நீயாக வந்து சொன்னாய், அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சொன்னால் போதாது, தப்பு எங்கே நடந்ததோ அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று மறுநாள் உன்னை இழுத்துக்கொண்டு போய் மொத்த வகுப்புக்கும் முன்னால் நிற்க வைத்தேன். நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். உன் முட்டி பாவாடைக்குக் கீழே நடுங்கியதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் உனக்குக் காய்ச்சல். நல்ல காரியம் செய்தேன் என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை செய்துவிட்டாள், அவள் அப்பனால் பதினைந்து நாளாகச் செய்ய முடியவில்லை.

ஆகவே முப்பத்தொன்றாம் தேதி. நாளைக் காலை பங்குச் சாமியாரிடம் போய் மைக்கில் இரண்டு நிமிடம் கேட்கப்போகிறேன், பொறுப்பாளர் பதவியையும் அப்போதே கொடுத்துவிடுவேன். பதினோரு அன்பியமும் வரும், ஐந்நூறு பேராவது இருப்பார்கள், வொர்க்‌ஷாப்பில் என் கீழே வேலை பார்த்தவர்கள், நான் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், ஊதுபத்தியைக் கோணலாக வைத்ததற்காக நான் திட்டிய பெண்கள், எல்லோரும். டிராயரில் இருக்கும் கையைக் கொண்டுபோகப்போகிறேன், காய்ந்த பசையோடு காட்டப்போகிறேன், அதைப் பார்த்தபிறகு யாரும் குங்குமத்தைப் பற்றிப் பேச முடியாது. இப்படியெல்லாம் தைரியமாக எழுதுகிறேனே தவிர, இன்னும் எட்டு நாள் இருக்கிறது. எட்டு நாளில் நான் எத்தனை காரணம் கண்டுபிடிப்பேன் என்று உனக்குத் தெரியாது, சுகர் ஏறிவிட்டது என்று படுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள். இன்று மத்தியானம் கெபிக்கு முன்னால் போய் நின்று இரண்டு வரி சொல்லிப் பார்த்தேன், யாருமே இல்லாத இடத்திலேயே குரல் வரவில்லை. ஒரே ஒரு நம்பிக்கைதான். பதினாலு நாளாக மாதா ஒரு கை இல்லாமல் வீடு வீடாகப் போகிறார்கள், எந்த வீட்டிலும் செபம் நிற்கவில்லை, மீதி இருக்கும் இடது கையை அவர்கள் மடக்கிக்கொள்ளவும் இல்லை, விரித்தபடியேதான் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதில் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் துணிவில்லை, அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவளிடம் கொடுத்து, படித்துவிட்டு ஒட்டித் தபாலில் போடு என்று சொல்லப்போகிறேன். அவள் படித்துவிட்டால் எனக்கு வீட்டுக்குள் ஓட இடமில்லை, உனக்கு வந்து சேர்ந்துவிட்டால் வெளியிலும் இல்லை. அந்தத் துறையூர்ப் பையன் பிரவீன்ராஜ் விஷயத்தில் சம்மதம் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, உன்னிடம் இனிப் பாதி உண்மை சொல்வதாக இல்லை. ஆனால் ஆகஸ்டில் நான் சொன்ன வார்த்தை, இனி என்னை அப்பா என்று கூப்பிடாதே என்றேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அது கோபத்தில் வந்தது, அதுவும் நான் உடைத்ததுதான். போன் அடித்தால் எடுப்பேன், அந்தப் பையன் பேசினாலும் எடுப்பேன், அவன் வீட்டைப் பற்றி, அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்பேன், கொஞ்சம் கடுமையாகக் கேட்பேன், பயப்பட வேண்டாம் என்று சொல்லி வை.

மாத்திரையை மறக்காதே, ஞாயிறு பூசையை மறக்காதே, முடிந்தால் செல்வமேரிக்கு ஒரு வார்த்தை பேசு, அவள் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. ஆண்டவர் உன் போக்கிலும் வரத்திலும் காவலாக இருக்கட்டும், மாதா உன் தலையில் கை வைத்திருக்கட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முப்பத்தொன்றாம் தேதி கழிந்திருக்கும். படித்து முடித்ததும் எனக்குப் போன் செய். எப்படி இருக்கீங்க என்று கேட்காதே, மழையைப் பற்றிக் கேட்காதே, நான் வேறு ஏதாவது பேச்சை ஆரம்பித்தாலும் விடாதே. அன்னிக்குச் சொன்னீங்களாப்பா என்று கேள்.

அந்தக் கேள்விக்குப் பதிலோடு காத்திருக்க முயலும்,
உன் அப்பா
ஸ்தனிஸ்லாஸ்